மீரான் டாக்டருக்கு வந்த கார்டுகள்

பிரியமுள்ள மச்சானுக்கு,

உங்கள் வருஷ நினைவு ஃபாத்திஹாவை நேற்று நல்லபடியாக ஓதி முடித்தோம். செம்மண்டலம் வீடு கொள்ளாத கூட்டம். நெய்ச்சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அக்காவைச் சீண்டியே அழவைத்திருப்பீர்கள். நான் சாப்பிடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முடிக்கும்வரை கோபப்படாமல் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரில் ரயிலேறி, அண்ணாமலை நகரில் என் அறைக் கதவைத் தட்டுவீர்களே, ஞாபகமிருக்கிறதா? கையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். யானைக்கால் நோயாளிகளின் சதைத் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எழுதியது. "மச்சான், நீ அடிச்சாத்தான் தப்பே இருக்காது" என்பீர்கள். ஓர் ஆபீஸ் டைப்பிஸ்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? தலைகால் புரியாமல் அடித்துக் கொடுத்தேன். மூன்று கட்டுரைகள் வெளிநாட்டு ஜர்னலில் வந்தன.

அதன்பிறகு நீங்கள் எதிர்பார்த்ததெல்லாம் ஒரே ஒரு கார்டு. கட்டுரை பிடித்துப்போன டாக்டர்கள் பிரதி கேட்டுக் கார்டு போடுவார்களாம். எத்தனை கார்டு வருகிறதோ, அத்தனை இடத்தில் நம் வேலை பயன்படுகிறது என்று அர்த்தமாம். தினமும் ஆஸ்பத்திரியில் தபால் விசாரிப்பீர்கள். எதுவும் வரவில்லை. நான்காவது கட்டுரையைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, "யாரும் படிக்காததுக்கு எதுக்கு மச்சான் உன் விரல ஒடிச்சிக்கிற?" என்று சிரித்தீர்கள். அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் இல்லை.

போன வாரம் உங்கள் ஸ்லைடுகளை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனேன். தபால் பார்க்கும் குமாஸ்தா ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார்.

"மீரான்னு ஒரு டாக்டருக்கு கார்டா வந்துகிட்டே இருக்கு சார். இங்க அப்படி யாருமே கெடையாது. வெளிநாட்டு ஸ்டாம்பாச்சே, தூக்கிப்போட மனசு வரல. உங்க மச்சான் டாக்டரு பாவம், தெனம் வந்து கேப்பாரு. அவரு பேருக்குத்தான் ஒண்ணும் வராது."

முப்பத்தொரு கார்டுகள், மச்சான். எல்லாம் உங்கள் கட்டுரைகளைக் கேட்டு வந்தவை.

தப்பு என்னுடையது. இனிஷியல் கூடாது, முழுப்பெயர் வேண்டும் என்று ஜர்னலில் கேட்டார்கள். மீ. யாசீனான உங்களை, முதலில் உங்கள் பெயர், கடைசியில் உங்கள் வாப்பா பெயர் என்று 'யாசீன் மீரான்' ஆக்கினேன். அவர்கள் ஊரில் கடைசியில் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அச்சில் பார்த்து, "வாப்பா பேரு முழுசா வந்திருக்கு" என்று நீங்களும்தானே பூரித்துப்போனீர்கள்! வீங்கிய காலைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டே வாழ்ந்து முடிந்த மனுஷர் அவர். அந்தக் காலைப் பார்த்து வளர்ந்ததால்தானே நீங்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கினீர்கள்?

அக்கா கார்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "கையெழுத்து போடத் தெரியாத மாமாவுக்கு டாக்டர் பட்டமா!" என்று சிரித்தாள். உடனே அழுதுவிட்டாள். "இதுல ஒண்ணே ஒண்ணு அவுங்க கண்ணுல பட்டிருக்கக் கூடாதா?"

அன்றைக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. நேற்று ஓதி முடித்ததும் சொன்னேன். அவள் பீரோவிலிருந்து உங்கள் பாதிக் கட்டுரையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உங்களோடு வேலைபார்த்த சின்ன டாக்டர், உங்கள் குறிப்புகளை வைத்து மீதியை முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அடிக்கிறேன். முப்பத்தொரு கார்டுக்கும் பதில் போடுகிறேன். மீரான் என்பவர் நோயாளி, எழுதியவர் அவர் மகன் யாசீன், தப்பு டைப்பிஸ்டுடையது என்று ஒவ்வொன்றிலும் எழுதுவேன். நீங்கள் இப்போது இல்லை என்பதையும் முப்பத்தொரு தடவை அடிக்க வேண்டும். அதற்குத்தான் விரல் வரமாட்டேன் என்கிறது.

இந்தத் தடவை பெயரை 'மீரான் யாசீன்' என்று அடிப்பேன். பள்ளிவாசலுக்கு வாப்பா காலை இழுத்து இழுத்து முன்னால் போக, விழுந்துவிடாமல் நீங்கள் பின்னாலேயே போவீர்களாமே, அந்த வரிசையில்.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
அக்கா தம்பி,
நிஜாம்