நாற்பது பக்கம் வரைக்கும் திருத்திய புஸ்தகம்

சேசு மரி சூசை

சாந்தோம்
1933 மார்ச்சு 14

ரங்கூனிலிருக்கும் மகன் லூர்துசாமிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் சுகத்துக்காகத் தினம் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் சொல்கிறேன். முதலில் இதை எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி, நின்றபடியே பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்துப் போடுகிற சங்கதி இல்லை.

கிறிஸ்மஸுக்கு ஒரு பழைய புஸ்தகம் அனுப்பினாயே, பழைய சாமான் கடையில் கிடைத்தது, முன்பக்கம் கிழிந்துவிட்டது, வியாதியில் கிடக்கும் ஒரு பெண்ணின் பக்திக் கதை, அப்பா உயிரோடிருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார், பாஸ்குவுக்கு முந்தின தபசு காலத்தில் கோயில் கொட்டகையில் பெண்டுகளுக்கு வாசித்துக் காட்டு, முன்கூட்டிப் படித்துவிடாதே, கூடச் சேர்ந்து படித்தால்தான் ருசி என்று எழுதினாயே. பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று பெருமையாக எடுத்துப் போனேன். நாலு மத்தியானம் வாசித்தேன். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்து உட்காருகிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்கள். அச்சில் இருந்த ஒரு வார்த்தையை வழிநெடுக மையால் அடித்து, மேலே பொடி எழுத்தில் சர்வேசுரன் என்று எழுதியிருந்தது. எவனோ ஒரு புண்ணியவான் அச்சுப் பிழையைத் திருத்தி வைத்திருக்கிறான், அவன் கை நன்றாக இருக்கட்டும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் நாற்பத்தோராம் பக்கம் புரட்டினேன். மை இல்லை. வாசிக்கிற வேகத்தில் "பராபரனே" என்று வாயில் வந்துவிட்டது. நாம் சர்வேசுரன் என்போம், பராபரன் என்பது புரொடஸ்டண்டுப் பதிதர் வார்த்தை, பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்பா இடத்துக்கு வந்திருக்கும் புது உபதேசியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார், புஸ்தகத்தை வாங்கிப் பார்த்து, பதிதர் அச்சடித்ததை அம்மா கோயிலுக்குள்ளேயே வாசிக்கிறீர்களா என்றார். நாற்பது பக்கத்தில் ஒரு ஜெபமாலை இல்லை, அந்தப் பெண் ஒரு தடவைகூடத் தேவமாதாவைக் கூப்பிடவில்லை, எனக்கு உறைக்கவே இல்லையே. அவள் இருமும்போதெல்லாம் நானாக ஓர் அருள் நிறைந்த மரியாயே சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

பங்குச் சுவாமியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யார் கொடுத்தது என்று கேட்டார். உன் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை, லஸ் முனையில் ஷரஃபுதீனின் பழைய காகிதக் கடையில் வாங்கினேன் என்று பொய் சொன்னேன். உபதேசியார் நேரே கடைக்குப் போய் மனுஷரைச் சத்தம் போட்டாராம். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, "இருக்கும் சாமி, மூட்டை மூட்டையா வருது, எதுல இன்னா கீதுன்னு நமக்கு இன்னா தெரியும்" என்றாராம். பொட்டலம் மடிக்கப் போகிற காகிதத்திலிருந்து நம் வேதப் புஸ்தகங்களைப் பொறுக்கி அப்பாவுக்கென்று இருபது வருஷம் எடுத்து வைத்த மனுஷர் அவர். இப்போது அவர் கடைப் பக்கம் யாரும் போகக் கூடாதென்று பூசையில் சொல்லியாயிற்று. அப்பா பசை காய்ச்சி ஒட்டி, வேப்பிலை போட்டுக் காத்த பதினொரு புஸ்தகத்தையும் சோதித்துப் பார்ப்பதற்கென்று பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாசிப்பு இப்போது உபதேசியார்தான், பெண்டுகள் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்குகிறார்கள். நம் வேதமில்லாவிட்டாலும் மீன்கூடையோடு வந்து கேட்ட பச்சையம்மா மட்டும் நேற்று என்னை மறித்து, "நம்ம சாமி ஒண்ணு உங்க சாமி ஒண்ணு, அத்த உடு அக்கா, அந்தப் பொண்ணு பொழைச்சாளா பூட்டாளா, அத்தச் சொல்லிட்டுப் போ" என்று கேட்டாள். எனக்கே தெரியாது என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தப் பொடி எழுத்துக்குப் பக்கத்தில் உன் பழைய கடிதம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். சு போட்டு வாலை இடது பக்கம் இழுப்பவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான், மணலில் கைபிடித்து எழுதப் பழக்கியவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய், அதையும் பாதிதான் மறைத்தாய். சின்ன வயசிலும் இப்படித்தான், காப்பி நோட்டில் முதல் நாலு வரி முத்துமுத்தாக இருக்கும், அப்புறம் காக்கை கால். போன மாதம் கப்பலில் வந்த சவரிமுத்து, உன்னை ஒரு வருஷமாகப் பூசையில் காணவில்லை என்றபோது அவனைத்தான் திட்டி அனுப்பினேன். புஸ்தகம் நல்லதாகவே இருக்கட்டும், எனக்கும்தான் கண்ணீர் வந்தது. அம்மா, நான் அந்தப் பக்கம் போய்விட்டேன், இது எனக்குப் பிடித்தது, படித்துப் பார் என்று எழுதியிருந்தால் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன், ஏசிவிட்டு ஒருவேளை படித்தும் இருப்பேன். பெற்றவளையே ஏமாற்றிப் படிக்க வைக்க எங்கே கற்றாய்? என் வாயால் ஊருக்கு வாசிக்க வைத்தாயே, அதுதான் ஆறவில்லை.

பெரிய வியாழனுக்கு முன் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லி நான் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். செய்யாமல் சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு நற்கருணை நன்மை வாங்க முடியாது, நாற்பது வருஷத்தில் ஒரு பாஸ்கு நான் விட்டதில்லை. பொய்யைச் சொன்னால் போதாது, ஷரஃபுதீன் மேல் விழுந்த பழியையும் துடைக்க வேண்டும், அதற்கு உன் பெயரை எல்லார் காதிலும் போட வேண்டும். என் மகன் முட்டாள் என்று சொல்வதா, என் மகன் போய்விட்டான் என்று சொல்வதா, அதை மட்டும் எனக்கு எழுது. வேறு சமாதானம் ஒன்றும் வேண்டாம்.

மழையில் நனைந்த துணியோடு உட்காராதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. எந்தக் கோயிலுக்குப் போனாலும் நீ என் பிள்ளை, சர்வேசுரன் உன்னைக் கைவிடாமல் காப்பாராக, தேவமாதா உன்னைத் தேடிக்கொண்டு வருவாளாக. குருத்து ஞாயிற்றுக்குள் பதில் வர வேண்டும், மறக்காதே. புஸ்தகத்தை என் கையாலேயே அடுப்பில் போடச் சொல்லிச் சுவாமியார் திருப்பிக் கொடுத்தார். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து போட்டுவிட்டேன். முன்னால் இருப்பதைப் போடக் கை வரவில்லை, இந்த மூன்று வருஷத்தில் உன் கையெழுத்து அவ்வளவு எனக்கு வந்ததில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பாவி
அந்தோணியம்மாள்