சேப்பலுக்குள் அம்மா போன அன்று

என் ஆசை அப்பாவுக்கு,

எந்த வளைவில் ஏறிக்கொண்டிருந்தாலும் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு இதைக் கேளுங்க. போன வாரம் என்னைக் கல்லூரியை விட்டு ஒரேயடியாகக் கூட்டிப்போக அம்மா மதுரைக்கு வந்தாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்க தூக்கத்திலேயே போன அந்த மழைக்காலத்திலிருந்து எனக்கு எல்லாமே மூடுபனிக்குள் நடப்பது மாதிரிதான் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஹாரன் கேட்கும். போடிமெட்டு வளைவில் நீங்க நீளமாக அடிப்பீங்களே, அந்த ஹாரன். மரங்களுக்குப் பின்னால் வண்டி திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பாடம் முடிந்து எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள்.

"தத்துவம் படிச்சா என்ன சோலிக்குப் போகும்?" என்று சித்தப்பா கேட்டபோது, "படிக்கட்டும்டா, எனக்கு வந்து சொல்லுவால்ல" என்றீங்க. தத்துவத்தோடு செடிகொடி பற்றியும் பாட்டு பற்றியும் படிக்க வேண்டும் என்றதும் உங்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கிறிஸ்தவக் கல்லூரி என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் போனில் சொல்வதையெல்லாம் மறுநாள் ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போகிற அக்காமாரிடம் ஒப்பிப்பீங்க. பார்க்க யாருமே இல்லாதபோது மலை அங்கே இருக்குமா என்று ஒருநாள் கேட்டிருக்கீங்க. "மலை இருக்கும்ணே, நீங்க மொதல்ல ரோட்டப் பாருங்க" என்று ஓர் அக்கா சொன்னதை எங்கள் வகுப்பில் சொன்னேன். பேராசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது உங்க ஜீப்பைச் சித்தப்பா ஓட்டுகிறார். குரங்கணிப் பக்கம் காப்பி பூத்திருக்கிறதாம். அம்மா மட்டும் வீட்டை விட்டு நகரவில்லை. "ஒத்தையில இருக்க முடியல ஆத்தா. படிச்ச வரைக்கும் போதும், வந்துரு" என்று போனில் அழுதாள். எனக்குக் கடைசிப் பருவம்தான் பாக்கி. பாதியில் போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவளிடம் எப்படி முடியாது என்பது? பெட்டியைக் கட்டிவிட்டேன்.

சித்தப்பா அம்மாவை ஜீப்பில் கூட்டிவந்தபோது காலை ஜெப மணி அடித்துக்கொண்டிருந்தது. என் அறைத்தோழி கிரேஸ், நாகர்கோவில்காரி, அம்மாவின் கையைப் பிடித்துச் சேப்பலுக்கு இழுத்துப் போனாள். அம்மா படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டாள்.

"நான் வரலம்மா. அவரு போயி இன்னும் வருசம் திரும்பல. கோயில் படி மிதிக்கக் கூடாது."

தெரு முழுக்க மாரியம்மன் திருவிழாவுக்குப் போனபோதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவள் அவள். கிரேஸுக்கு முதலில் புரியவில்லை. நான் சொன்னதும் மெதுவாகச் சொன்னாள்: "எங்க கோயில்ல எறந்தவங்களயே உள்ளதான்மா கொண்டு வருவோம். எங்க தாத்தாவ நடுவுல வச்சுத்தான் பாட்டுப் படிச்சோம்."

"பொணத்தையா? கோயிலுக்குள்ளயா?"

"ஆமாம்மா."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். செருப்பைக் கழற்றியது அவள் ஒருத்திதான்.

கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நான் பெட்டியோடு வாசல் மரத்தடியில் நின்றிருந்தேன். "வெரசா வரச் சொல்லு, சாயங்காலம் மெட்டுக்கு லோடு இருக்கு" என்றார் சித்தப்பா. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியின் நீல வெளிச்சம் அவள் தோளில் விழுந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. உங்க வீட்டுக்காரியை அவ்வளவு அமைதியாக நான் பார்த்து வெகுநாளாயிற்று.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே பேசினாள்.

"செலையுமில்ல, வெளக்குமில்ல. யாரக் கும்புடுறதுன்னு தெரியல. அதான் உங்கப்பாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"முடிச்சிட்டு வரச் சொன்னாரு. பெட்டிய உள்ள கொண்டுபோயி வையி."

என் கன்னத்தைத் தடவிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நீங்க போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

நிஜமாகவே நீங்கதான் சொன்னீங்களா அப்பா? இல்லை, அவளாகவே சொல்லிக்கொண்டாளா? அவளிடம் நான் கேட்கவில்லை. எப்படியிருந்தாலும் எனக்காக அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பிப் போனவள் அவள்தானே.

படிப்பை முடிப்பேன் அப்பா. முடித்த அன்றே பஸ் ஏறி அம்மாவிடம் போய் நிற்பேன். அதுவரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே இருங்க.

அவளை உங்களிடம் விட்டுவிட்டுப் படிக்கிற
உங்க மக,
செல்வி