தண்ணீர் ஏறாது என்று சொன்னேன், அக்கா

என் பாசத்துக்குரிய பாரு அக்காவுக்கு,

உன் முதல் வருட நினைவு நாளுக்குப் பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதிவிடலாம் என்று போன மாதம் கவிதா சொன்னாள். உன் மகள் உன்னைப் போலத்தான், எதையும் நாலு வரியில் முடித்துவிடுவாள். நான்தான் வாயாடி ஆயிற்றே. 'என்றும் உன் நினைவில் வாடும்' என்று எழுத உட்கார்ந்தேன். வாடுவதற்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறதே என்று கை நின்றுவிட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும்.

காஹாங்கில் மழை தொடங்கிவிட்டது அக்கா. செம்பனைக் காட்டுப் பக்கம் வானம் மூன்று நாளாகக் கறுத்தே கிடக்கிறது. ஆறு கலங்கி ஓடுகிறது. இன்னும் கரையைத் தாண்டவில்லை.

எங்கள் தாமானில், இந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரு பழக்கம் உண்டு. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் அந்தப் பழக்கமே. வெள்ளம் வீட்டுக்குள் வந்து வடிந்ததும், கரண்ட் வேலை பார்க்கிற வயர்மேன் என்பதால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கீழே இருக்கும் ப்ளக் பாயிண்டை எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிக் கொடுப்பேன். வீட்டை விற்க நினைத்தால் மறுபடியும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏற்றியதை எல்லாம் கீழே இறக்குவேன், ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைப்பேன், அவர்கள் மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். வாங்க வருகிறவர் கேட்டால், "தண்ணியா? ரோட்டோட நின்னுரும் லா" என்று வரிசை வீடு மொத்தமும் ஒரே பாட்டுப் பாடும். ஒரு வீட்டின் விலை இறங்கினால் எல்லார் வீட்டு விலையும் இறங்கும் என்ற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருந்த வீட்டிலும் அப்படித்தான் இறக்கினேன். அந்தப் பெயிண்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஸ்கூடாயில் வாடகை வீட்டில் இருந்த நீ தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாய். அந்த வீட்டு வாசலில் தொங்கிய விற்பனை போர்டைப் பார்த்தாய்.

"டேய் மணியம், வாங்கிரட்டுமா? கடைசி காலத்துல ஒரே ரோட்டுல கெடப்போம்டா" என்றாய். அத்தான் போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், மறைத்தது என் கைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீ பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்ற ஆசை வேறு. வெட்கம் பெரிதா, ஆசை பெரிதா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டை வாங்கப் பேசி முடித்தாய். பிறகு அந்த போன். குளுவாங்கில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் முன்னால் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டாய்.

"தம்பி, இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது. நெருப்புக்கு எடுக்கிற பாலிசி நெருப்புக்குத்தானாம். வெள்ளத்துக்குத் தனியா சேர்க்கணுமாம். கொஞ்சம்தான் கூட வருமாம். உங்க பக்கம் தண்ணி ஏறுமாடா?"

எந்த வீட்டில் எவ்வளவு ஏறும் என்று சுவருக்குச் சுவர் துளை போட்டவன் நான். என்னைத்தான் கேட்டாய்.

"ஏறாதுக்கா. அதெல்லாம் வேஸ்ட் லா" என்றேன்.

"தம்பி வயர்மேன். வீட்டைப் பத்தி அவனுக்குத் தெரியாததா?" என்று நீ அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னது எனக்குப் போனில் கேட்டது. அதைக் கேட்ட பிறகாவது திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

நீ குடிவந்த இரண்டாவது வருடமே வெள்ளம் வந்துவிட்டது. காலையில் கால்வாய் நிரம்பியது. மதியத்துக்குள் உன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பள்ளி மண்டபத்தில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், தரையெல்லாம் வழுக்குகிற சேறு. ஆசை ஆசையாக நீ போட்ட கிச்சன் கேபினட், பாலில் ஊறிய ரொட்டி மாதிரி ஊதிக் கிடந்தது. ஏஜெண்ட் பெண்ணும் வந்து பார்த்தாள், பாவம். "ஆன்ட்டி, நெருப்புக்கு மட்டும்தான் எடுத்திருக்கீங்க. வெள்ளம் சேர்க்கவே இல்லையே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். உனக்கு ஒன்றும் கிடைக்காது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூலையில் துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்து, "உனக்கென்னடா தெரியும், ஆறு உன்கிட்ட சொல்லிட்டா வருது?" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். அக்கா, எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

இருந்த சேமிப்பு மெத்தைக்கும் பிரிட்ஜுக்கும் வயரிங் சாமானுக்கும் போனது. கேபினட்டுக்கு மிஞ்சவில்லை. கடைசி வரைக்கும் தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி வைத்துத்தான் சமைத்தாய். வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போடுவது உனக்கு எவ்வளவு பிடிக்கும்! பிறகு ஒருவரையும் கூப்பிடவில்லை. நெஞ்சு வலி என்று உன்னைக் கொண்டுபோன அன்றுகூட அந்தக் கூடைகள் அடுப்பங்கரையில் அப்படியே இருந்தன. வெள்ளத்துக்கும் நெஞ்சு வலிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். சேற்றைக் கழுவிய பிறகு உன் வீட்டு ப்ளக் பாயிண்டை எல்லாம் நான்தானே மேலே ஏற்றினேன். சுவரை உடைத்தபோது, நான் சிமெண்ட் வைத்து அடைத்த பழைய ஓட்டைகள் அதே உயரத்தில் வரிசையாக வந்தன. நீ என் பின்னால் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாய். பார்த்தாயா? பார்த்தும் கேட்காமல் விட்டாயா?

இதைப் படிக்கிற தாமான்காரர்களே, அக்காவிடம் பேசும்போது உங்களிடமும் ஒரு வார்த்தை. வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதை எடுத்து, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் சாமானுக்கும் உண்டா என்று ஏஜெண்டிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தண்ணீர் வந்த பிறகு கேட்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. இதையெல்லாம் நான் இப்போது அழகாகச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய ஆளிடம், சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை.

இனி கவிதாவின் சேதி. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த வீட்டைப் பராமரிக்க முடியவில்லை என்று விற்கப் பார்க்கிறாள். போன வாரம் கூப்பிட்டாள்.

"மாமா, ப்ளக் ஏன் இவ்ளோ மேல இருக்குன்னு பார்க்க வர்றவங்க கேக்கிறாங்க. கொஞ்சம் கீழ எறக்கி பெயிண்ட் அடிச்சிருங்க மாமா."

எங்கள் தாமான் பழக்கம் அவளுக்குத் தெரியாது, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று கள்ளமில்லாமல்தான் கேட்டாள். நானும் டிரில்லை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை அக்கா. வெறும் தரையில் உட்கார்ந்து அவளுக்கு போன் போட்டு, ஆதி முதல் அந்தம் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசி வரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மா உங்களைக் கேட்டாங்களா? கேட்டும் இப்படிச் சொன்னீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து நேற்று ஒரு மெசேஜ் வந்தது. "ஞாயித்துக்கெழம ஒரு ஃபேமிலி வீடு பார்க்க வருது. நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க." அவ்வளவுதான். மூன்று தடவை படித்துப் பார்த்தேன். அதில் 'மாமா' இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். தண்ணீர் எங்கிருந்து வரும், எவ்வளவு ஏறும், பாலிசியில் எதைச் சேர்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்வேன். அவர்கள் வாங்கினாலும் சரி, வந்த வழியே திரும்பிப் போனாலும் சரி. தெருவில் பாதிப் பேர் எனக்கு முகம் கொடுக்க மாட்டார்கள், கொடுக்காமல் போகட்டும். இனி யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன் அக்கா, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீ கேட்ட அன்றைக்குக் கொடுத்திருக்க வேண்டியது.

கவிதா இனி என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. உனக்கு மட்டும், நீ வேண்டாம் என்றாலும்,

உன் தம்பி,
மணியம்