பாபிஸின் பெயர்நாள்

ஏதென்ஸ், பிப்ரவரி 11

பாபிஸ்,

நேற்று உன் பெயர்நாள், உனக்குப் பெயர் தந்த புனிதரின் திருநாள். கோபத்தில்தான் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பெயர்நாளுக்கு நாம் யாரையும் அழைத்ததே இல்லை. கதவைத் திறந்து வைத்தால் தெருவே வந்துவிடும். நேற்றும் திறந்து வைத்தேன். தேன் பலகாரம் இரண்டு தட்டு செய்திருந்தேன். இருட்டும் வரை ஒருவரும் வரவில்லை. நீயும்தான். நீ வேலை பார்க்கும் அமைச்சகம் அரைமணி பஸ் தூரம்தான்.

கடைசியில் கீழ்வீட்டு எல்பினிகி வந்தாள். நாட்டின் கடனை அடைக்க வீட்டு வரியை மின்கட்டணத்தோடு சேர்த்து, கட்டாதவர்களுக்கு மின்சாரத்தை வெட்டச் சொன்ன உத்தரவு நீ எழுதியதுதானே? போன வாரம் அவள் வீட்டில் வெட்டினார்கள். பக்கவாதத்தில் கிடக்கும் கணவனோடு குளிரில் இருக்கிறாள்.

"உங்க முகத்துக்காகத்தான் வந்தேன்க்கா. உங்க புள்ளைய நல்லா இருன்னு சொல்ல வாய் வரல," என்றாள்.

"சொல்லாத. எனக்கே வரல," என்றேன்.

பலகாரம் முழுவதையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். உனக்கென்று ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை.

தேர்தலிலேயே நிற்காமல், ஒரு ஓட்டும் வாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே உன் பிரதமர், அவரிடம் சொல். என் பால்கனியிலிருந்து எல்பினிகியின் ஜன்னலுக்கு ஒரு வயர் தொங்குகிறது. இழுத்துவிட்டவள் நான்தான். குற்றமாம். வெட்டுவதற்கு ஆள் அனுப்புங்கள். விலாசத்தை யாரிடமும் கேட்கவேண்டாம். நீ பிறந்த வீடுதான்.

உன் அம்மா