சூடோ போடும் முன்

கணினியின் முழு அதிகாரத்தையும் கேட்கும் 'சூடோ' கட்டளையைத் தட்டியதும், கடவுச்சொல் கேட்டுவிட்டுத் திரை சும்மா நின்றது. தட்டினாலும் ஓர் எழுத்துகூடத் தெரியாத அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும், நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து, இப்போது செங்கல்பட்டு வீட்டிலிருந்தே வேலை. இன்று ஒரு மருத்துவமனை சர்வரில் பழைய கோப்புகளை அழிக்கும் கட்டளை வரிகளை, அந்த ஸ்கிரிப்ட்டை, நானே ஓட்ட வேண்டும். ஸ்கேன் படங்களும் அதில்தான் இருக்கின்றன. கொஞ்சம் பிசகினால் யாரோ ஒரு தாய் காத்திருக்கும் படம் போய்விடும்.

சிறுசேரி அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சேர்ந்த புதிதில் நீ உன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டாயே! அழிக்க வேண்டிய ஃபோல்டரின் பெயரை ஸ்கிரிப்ட்டில் எழுதாமல் உன் லாகின் கணக்கில் வைத்திருந்தாய். சூடோ போட்டதும் கணினி எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது. உன் கணக்கில் இருந்த பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனது. பெயர் இல்லாததால், எல்லாக் கோப்புகளுக்கும் அடிவேரான இடத்திலிருந்தே அழிக்கத் தொடங்கிவிட்டது. அன்று மாலை முட்டுக்காட்டில் நாம் உட்கார்ந்திருந்தபோது, படகுகள் தண்ணீரில் ஓசையின்றி நழுவிக்கொண்டிருந்தன.

"சூடோ போட்டா அது வேணாம்னே சொல்லாதுடி. சொன்னத செஞ்சிகினே போவும்" என்றாய்.

"எனக்கு வூட்ல போட ஒண்ணு வாங்கிக் குடுடி. எங்க வூட்டுக்காரர் எல்லாத்துக்கும் வேணாம்பாரு" என்றேன்.

"போடி, பேஜாரு!" என்று சிரித்தாய்.

அதன்பின் நமக்குள் ஒரு வழக்கம் வந்தது. சூடோ போடும் முன் ஒருத்தி ஸ்கிரிப்ட்டை வாய்விட்டுப் படிப்பாள். 'அழி' என்று வரும் இடத்திலெல்லாம் மற்றவள் "எங்க?" என்பாள். சாப்பாட்டு மயக்கத்தில், ஏசிக் குளிரில், உன் "எங்க?" தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கும்.

என் மகள் பிறந்த வாரத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன்னைக் கடைசியாகப் பார்க்க உன் ஊரான திருக்கழுக்குன்றம் கிளம்பினேன். "பச்ச ஒடம்புக்காரி, சாவு வூட்டுக்கு இன்னாத்துக்குப் போற?" என்று அம்மா வாசலை மறித்துவிட்டாள்.

இன்று கேட்க ஆளில்லை. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு, வரிவரியாக மெல்லப் படித்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அழி' வந்ததும் நானே கேட்டுக்கொண்டேன்: எங்க? பெயர் என் கணக்கில்தான் இருந்தது. சூடோ அதைக் கொண்டுபோகாது.

பெயரை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதினேன். பெயர் காலியாக இருந்தால் நின்றுவிடு என்றும் ஒரு வரி சேர்த்தேன். முதலிலிருந்து மறுபடி படித்துவிட்டுத்தான் ஓட்டினேன். படங்களெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

குனிந்து பார்த்தேன். உன்னை ஒருநாளும் பார்க்காதவள், உன் வழக்கத்தைக் கேட்டபடியே தூங்கிப்போயிருந்தாள்.