முதல் சுரம் பிளந்த பதிவு

சிஸ்டர்,

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் பை தேடி அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டபோது உங்கள் ஹெட்போன் வந்து விழுந்தது. காதில் வைக்கும் பஞ்சுமெத்தையில் இன்னும் நீலகிரித் தைலம் வீசுகிறது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அதைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக் காலை என்னைச் சேர்க்கிறார்கள். கழுத்தில் தைராய்டு கட்டி. "எடுத்துடலாம், பெரிய விஷயமில்ல" என்றார் டாக்டர். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, எப்போதாவது சிலருக்குக் குரல் கம்மிப்போவதுண்டு என்றும் சொன்னார். கூரியர் ஆபீஸில் நாள் முழுக்க போனில் பேசிப் பிழைக்கிறவள் நான். டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மறு பாதி ஒரு வாரமாக என் தொண்டைக்குள்ளேயே இருக்கிறது. குளிக்கும்போது யாருக்கும் கேட்காமல் என் பெயரை நானே சொல்லிப் பார்க்கிறேன், குரல் வருகிறதா என்று.

ரிச்சர்ட்ஸ் டவுனில் உங்கள் வீட்டு மாடிக்கு நாங்கள் குடிவந்த புதிதில், கீழேயிருந்து வரும் அந்தச் சத்தம் என்ன வாத்தியம் என்றே எனக்குத் தெரியாது. ஆம்பூரில் நான் கேட்ட பித்தளை எல்லாம் கல்யாண ஊர்வலத்து பாண்டு வாத்தியம்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்க இறங்கி வந்தேன். நீங்கள் தரையில் சிடிக்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஒரே பாட்டைத்தானே சிஸ்டர் திருப்பித் திருப்பிப் போடுறீங்க?"

"பாட்டு ஒண்ணுதான் வசந்தி. ஊதுற ஆளு வேற வேற. உட்காரு, மோட்டார் எங்கயும் ஓடிடாது."

அன்றைக்குத்தான் ஹார்ன் என்றால் என்ன என்று சொன்னீர்கள். சுருட்டி வைத்த நீளமான பித்தளைக் குழாய். பின்னால் பெரிய கூட்டம் வாசிக்க, ஒரே ஒரு ஆள் அதை ஏந்திக்கொண்டு முன்னால் நிற்பதுதான் கன்செர்ட்டோ. ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குப் பக்கத்தில், நோயாளியின் தலைமாட்டில் நர்ஸாக நின்றவர் நீங்கள். சர்ஜன் ஒருவர் வேலை செய்யும்போது இந்த ஹார்ன் கன்செர்ட்டோக்களைத்தான் போடச் சொல்வாராம். "கண்ணு பேஷன்ட் மூச்சு மேல இருக்கும். காது இந்த ஆளோட மூச்சு மேல. அப்படியே ஒட்டிக்கிச்சு" என்றீர்கள். ரிட்டயர் ஆன பிறகு ஒரே கன்செர்ட்டோவை எத்தனை பேர் ஊதியிருக்கிறார்களோ அத்தனையும் தேடித்தேடி வாங்கினீர்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மத்தியானங்கள் நம்முடையவை. நடுவில் வரும் மெதுவான பகுதியை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவீர்கள். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், யார் அவசரப்படுகிறார் என்று என்னைக் கேட்பீர்கள். நமக்குள் மூன்று பதிவுகள் நின்றன. ஒன்று மிகப் பழையது, வழவழவென்று போகும். மூச்சு எங்கே எடுத்தார் என்றே தெரியாது. இரண்டாவது, விரலால் அழுத்தும் பொத்தான்கள் இல்லாத அந்தக் காலத்து ஹார்ன். ஹார்னின் அகன்ற வாய்க்குள் கையை நுழைத்து ஊதுவதால் சில சுரங்கள் யாரோ வாயைப் பொத்தின மாதிரி வரும். மூன்றாவது மேடையில் நேரடியாகப் பதிந்தது. ஜனங்கள் இருமுவது கேட்கும். ஹார்ன் வாசிப்பவர் ஊதும் முதல் சுரமே உடையும். உதடு ஒரு நூல் தவறினால் போதும், சுரம் இரண்டாகப் பிளந்துவிடும் என்பீர்கள். அந்தச் சிடியைப் போட்டாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"அதை மட்டும் வேணாம் சிஸ்டர். பயமா இருக்கு."

"உனக்கா? அங்க நிக்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்!" என்று சிரிப்பீர்கள்.

பிறகு உங்கள் சிரிப்பிலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இதய வால்வு கெட்டுவிட்டது, மாற்றவேண்டும் என்றார்கள். உங்கள் தம்பி வெளிநாட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். அதனால் அட்மிஷனுக்கு நான்தான் கூட வந்தேன். அடுகோடிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. கட்டிலில் உட்கார்ந்து நர்ஸ்களிடம் கன்னடத்தில் வேடிக்கை பேசினீர்கள். புறங்கையில் சலைன் ஏற்ற ஊசி செருகி ஒட்டினார்கள். அவர்கள் போனதும் உங்கள் முகம் மாறியது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"வசந்தி, ஆட்டோ பிடி. போயிடலாம்."

"என்ன சிஸ்டர் சொல்றீங்க?"

"உனக்குத் தெரியாது. மார்ப எப்படித் திறப்பாங்க, இதயத்த எப்படி நிறுத்துவாங்க, எனக்கு ஒவ்வொண்ணும் தெரியும். திரும்ப ஓடாத இதயத்தையும் பார்த்திருக்கேன். ஆட்டோ பிடின்னா பிடி."

பார்வை நேரம். வராந்தாவில் கூட்டம். சால்வையால் ஊசிக் கையை மூடிக்கொண்டு நீங்கள் நடந்தீர்கள். நான் பின்னால் வந்தேன். லிஃப்டில் உங்கள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கியது இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் உங்களைப் பார்த்துவிட்டு, "அம்மாக்கு ஒடம்பு சரியில்லயா? வேற ஆஸ்பத்திரிக்கா?" என்றார். "இல்லப்பா, வீட்டுக்கு" என்றேன். ரிச்மண்ட் ரோடு நெரிசலில் வண்டி நகரவே இல்லை. வண்டியிலேயே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வது? உங்கள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று தாமதமானாலும் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிடி பெட்டியை இழுத்தீர்கள். பழைய பதிவைப் போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினீர்கள். "இவனுக்கு ஒண்ணுமே நடக்கல" என்றீர்கள். இரண்டாவதில் அந்த வாய் பொத்தின சுரங்களை உங்களால் தாங்க முடியவில்லை. ஆக்சிஜன் மாஸ்க் ஞாபகம் வருகிறது என்று அதையும் எடுத்துவிட்டீர்கள். பிறகு மூன்றாவது. நான் தடுக்கவில்லை. இருமல், அமைதி, முதல் சுரம். பிளந்தது. எப்போதும்போல் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் திற. அடுத்த மூச்ச கேளு."

அதுவரை அதை நான் கேட்டதே இல்லை, சிஸ்டர். பிளந்த சுரத்தோடு பயந்துபோய், அதற்குப் பின்னால் வந்ததைக் கோட்டைவிட்டிருக்கிறேன். அந்த மனிதர் இழுத்த மூச்சு நடுங்கியது. நன்றாகவே கேட்டது. நடுக்கத்தோடேயே அடுத்த வரியை எடுத்து, கடைசி வரைக்கும் கொண்டுபோனார். சில இடங்களில் மற்ற இருவரைவிட நிதானமாக இருந்தது.

"பயம் போயிடுச்சா அவருக்கு?" என்று கேட்டேன்.

"போகல. முடியற வரைக்கும் இருக்கு. கேளேன்."

முழுவதும் கேட்டுவிட்டு நீங்களே எழுந்து சால்வையைச் சரிசெய்தீர்கள். "இந்த மூச்சோட இன்னும் எத்தன மாசம் ஓட்ட முடியும்? வா, ஆஸ்பத்திரிக்கே போகலாம்" என்றீர்கள்.

வார்டில் நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். "எல்லி ஹோகித்ரி அம்மா, எங்க போனீங்க? எல்லாரும் தேடறோம்!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார். அவர் பின்னாலேயே மயக்க மருந்து டாக்டர் வந்தார். இளம் வயசுப் பெண். நீங்கள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பீர்கள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"டாக்டர், எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனையோ பேர் இத எங்கிட்ட சொல்லியிருக்காங்க. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு வாய அடைச்சிருக்கேன்" என்றீர்கள். அந்தப் பெண் ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எதுக்கு அதிகமா பயம், சொல்லுங்க" என்று கேட்டார். வெகுநேரம் பேசினீர்கள். நான் வராந்தாவில் நின்று அழுதேன்.

மறுநாள் உங்களை உள்ளே கொண்டுபோய்க் கதவு மூடினதிலிருந்து திறக்கும் வரைக்கும் நான் பட்டதை எழுத எனக்குத் தைரியமில்லை. நீங்கள் பிழைத்து வந்தீர்கள். படி ஏறினீர்கள். சில வருடங்கள் சனிக்கிழமைகள் தொடர்ந்தன. பிறகு ஒரு நிமோனியா வந்து, இருமலில் தொடங்கி அந்த வாரத்துக்குள் உங்களைக் கொண்டுபோயிற்று. சிடிக்களையும் ஹெட்போனையும் உங்கள் தம்பி என்னிடம் கொடுத்தார். நான் எதையும் போடவில்லை. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அந்த முதல் சுரத்தைக் கேட்கப் பயம்.

இப்போதும் போடவில்லை. இதை எழுதுவதை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு. டாக்டர் குரல் போகலாம்னும் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லல."

கத்தியைக் கீழே வைத்தார். தலை நிமிரவில்லை. "தெரியும். நெட்ல பார்த்தேன். நீ பயந்துடுவேன்னு கேக்கல" என்றார். அவர் மூச்சு நடுங்கியது எனக்குக் கேட்டது, சிஸ்டர். உங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து என் காது இப்படி ஆகிவிட்டது. இத்தனை நாளாக இந்த வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். குரல் போய்விட்டால் ஆபீஸில் என்ன செய்வது, கட்டி வேறு மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசினோம். பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் ஒரு வாரமாகச் சோறு இறங்காத இரண்டு பேருக்கும் இன்று பசித்தது.

வசந்தி