எஸ்தர் சாப்பிட்ட அன்னாசிக் கேசரி

திருநகர், மதுரை
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகன் ஆலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நீ அங்கே சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. புதன்கிழமையிலிருந்து போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய், அதனால்தான் நம் தெரு சித்தார்த் மஸ்கட்டுக்குத் திரும்பும்போது அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ படித்து முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திரு என்று சொல்லியிருக்கிறேன், அவன்மேல் எரிந்து விழாதே, ஒரு டீ போட்டுக் கொடு.

குழந்தை போனதில் உனக்கு எவ்வளவு துக்கம் என்று எனக்குத் தெரியும், அப்பா இன்னும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்துக் கிடக்கிற எஸ்தருக்குப் போன் போட்டு, "மூணு மாசம் வாயைக் கட்ட முடியலையா ஒனக்கு" என்று கேட்பாயா? திருப்பரங்குன்றத்திலிருந்து உன் பெரிய அத்தை வாய்ஸ் நோட் அனுப்பினாளாம், கல்யாண வீட்டில் உன் பொண்டாட்டி அன்னாசிக் கேசரி தின்றாள், அதான் கலைந்துவிட்டது என்று. அவள் சொன்னால் உனக்கு வேதவாக்கு. டாக்டரம்மா என்ன சொன்னார் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

இப்போது கேள். அந்தக் கேசரியை அவள் இலையில் எடுத்து வைத்தது நான்தான், இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று சொன்னதும் நான்தான். அதற்கு முன்னால் தண்ணீர் குடித்தாலும் வாந்தி, சோறு கொதிக்கிற வாடை பட்டாலே ஓடுவாள், பிள்ளை துரும்பாகிவிட்டாள். அந்த வாரம் சட்டென்று எல்லாம் நின்றுபோயிற்று. மசக்கை விட்டுவிட்டது என்று நாங்கள் அம்புட்டு சந்தோஷப்பட்டோம், அப்பா ஜெபத்தில் அதற்காக ஸ்தோத்திரம் கூடச் சொன்னார். கல்யாண வீட்டில் அவளாகவே பசிக்குது அத்தை என்றாள். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழந்தையின் வளர்ச்சி கல்யாணத்துக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது, அதனால்தான் வாந்தியும் நின்றிருக்கும் என்றார். புரிகிறதா ஆலன்? உயிர் போன பிறகுதான் அவளுக்குப் பசியே வந்திருக்கிறது. கேசரி அதற்கும் பிறகு. பசி வந்த காரணம் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று இருக்கிறேன், நீயும் சொல்லிவிடாதே.

அன்னாசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. அது நம் ஊர்ப் பழமே இல்லை, தென் அமெரிக்காப் பக்கத்துச் செடி, போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது, அன்னாசி என்ற பெயரும் அவர்களோடு வந்ததுதான். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாய் அதைத் தின்ற பெண்கள் பிள்ளை பெறவில்லையா? வைட்டமின் சி நிறைய, நார்ச்சத்து உண்டு, மலச்சிக்கலுக்கும் நல்லது. கெடுதல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பச்சையாக நிறையத் தின்றால் நாக்கு புண்ணாகும், நெஞ்சு எரியும், காயாகத் தின்றால் வயிறு போகும், சர்க்கரைக்காரர்கள் அளவு பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் யோசித்துத்தான் தொட வேண்டும், உன் அப்பாவுக்கு நான் கண்ணில் காட்டுவதில்லை. நாக்கை அரிக்கிற சத்துதான் கருவைக் கலைக்கும் என்று பயப்படுகிறார்கள், அது வேகவைத்தால் போய்விடும். ரவையோடு கிண்டிய கேசரியில் கிடந்த நாலு துண்டு ஒரு பிள்ளையைக் கொன்றது என்று நம்ப உனக்கு எப்படி மனசு வந்தது, எஞ்சினியரிங் படித்தவன் தானே நீ.

அவள் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. கஞ்சியை வைத்தால் இதில் என்ன போட்டிருக்கிறது அத்தை என்று கேட்கிறாள், கேட்டுவிட்டு ரெண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. வளர்ச்சி கல்யாணத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டதாம் என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் சொன்னால், எனக்காகச் சொல்றீங்க என்கிறாள். வருகிற சனிக்கிழமை அவள் அண்ணன் திண்டுக்கல்லிலிருந்து வந்து கூட்டிப்போகிறான். உன்மேல் கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைக்காதே. கோபம் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். நேற்று என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "அவுக சரியாத்தான் கேட்டாக அத்தை" என்றாள். நீ சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள், இனி நான் ஆயிரம் சொன்னாலும் அது போகாது.

கர்த்தர் உன்னைக் காத்துக்கொள்வார், உன் வேலையையும் உடம்பையும் ஆசீர்வதிப்பார். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. சனிக்கிழமைக்கு முன்னால் போன் பண்ணு, எனக்கு வேண்டாம், அவளுக்கு. மன்னிப்பு, விளக்கம் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேள்.

உன் அம்மா,
விக்டோரியா ஞானசீலன்